மகன் அறையில் கெத்தும் தண்ணி, அப்புறம் அவன் சொன்ன வார்த்தை

பட்டர்வொர்த் அம்மா:
மகனுக்கு 16 வயது, நான்காம் படிவம். போன வாரம் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் ஒரு மினரல் போத்தல் கிடைத்தது. உள்ளே பழுப்புத் தண்ணி, முகர்ந்தால் இருமல் மருந்து வாடை. கெத்தும் இலையைக் காய்ச்சிய போதைத் தண்ணி என்று அவனே ஒப்புக்கொண்டான். சத்தம் போட்டேன். அவன் சுவரைப் பார்த்தபடி, "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதிம்மா" என்றான். போதையில் உளறுகிறான், விடு என்கிறார் அவன் அப்பா. எனக்குத் தூக்கமே இல்லை. போதைக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாகாதா?

ஜெலுத்தோங் ஆசிரியை:
தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். பள்ளியில் கவுன்சிலிங் ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், சம்பந்தம் நிச்சயம் உண்டு. மனம் நொந்த பிள்ளை மறப்பதற்காகக் குடிக்கிறது; போதை இறங்கும்போது மனம் முன்னைவிட இருண்டு போகிறது. அவசர முடிவைத் தடுக்கும் மூளைப் பகுதி 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். இருக்கிற கொஞ்ச பிரேக்கையும் போதை பிடுங்கிவிடும். நிதானத்தில் எண்ணமாகவே கடந்து போயிருப்பது, போதையில் காரியமாகிவிடலாம். அதனால் 'போதையில் உளறுகிறான்' என்பதில்தான் எனக்குப் பயம்.

கேட்பதால் எண்ணம் வராது, ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. "சாகணும்னு தோணுதாப்பா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். எப்படி, எப்போது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை அவசரப் பிரிவு. இல்லையென்றாலும் தனியாக விடாதீர்கள், மறுநாளே கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார மருந்தகம்) போங்கள். வீட்டு மாத்திரைகளை இன்றே பூட்டி வையுங்கள்.

சுங்கை டுவா அப்பா:
என் மகளுக்கு மதுவும், இதே சாகும் பேச்சும். போலீசுக்குப் பயந்து இரண்டு வாரம் மூடி மறைத்தேன், இன்றும் வருந்துகிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள், அக்கா. அந்தப் பயம் வேண்டாம். மகள் வீட்டில் வாய் திறக்கவில்லை. மீ கோரெங் வாங்கக் காரில் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேசினாள். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் மனம் நொந்தவர்கள் பேசுவதற்கான பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

பட்டர்வொர்த் அம்மா:
நேற்று ராத்திரி கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "சில நாள் தோணும்மா" என்றான். எதுவும் யோசித்து வைக்கவில்லையாம். அவன் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். இப்போது கிளினிக்கில் இருக்கிறோம், அவன் அப்பாவும் லீவு போட்டு வந்திருக்கிறார். எங்கள் நம்பரை இன்னும் கூப்பிடவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்குகிறான்.