புதுப்பிப்பு: எழுத்தறிவுத் தன்னார்வலர் பயிற்சியில் சில திருத்தங்கள்

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்களில் பாடம் நடத்தும் தன்னார்வலர்களுக்கு ஒருநாள் பயிற்சியை எப்படி வகுப்பது என்று முன்பு எழுதியிருந்தேன். காலையில் விளக்கவுரை, மாலையில் செய்முறை என்று அதில் போட்டிருந்தது தவறு. செய்முறையைக் காலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஆறு பேர் ஒரு குழு. ஒருவர் 10 நிமிடத்தில் ப, ட, ம மூன்றை மட்டும் நடத்தி, புள்ளி வைத்து 'படம்', 'பட்டம்' வரை வர வேண்டும். மற்றவர்கள் பழக்கமில்லாத கையால் எழுத வேண்டும். 55 வயதில் முதன்முதலாகப் பேனா பிடிக்கும் விரல்கள் படும் பாடு அப்போதுதான் உறைக்கும். அடுத்த 5 நிமிடம் கருத்து: எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று வாயால் சொன்னாரா? பலகையை உடம்பால் மறைத்தாரா? ஆறு பேருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கணக்கை அப்போது விட்டுவிட்டேன். கற்பவர்கள் நூற்றைந்தை 1005 என்று எழுதுவார்கள்; காதில் விழும் நூறையும் ஐந்தையும் அப்படியே ஒட்டுவதால் வரும் பிழை. மனக்கணக்கில் இவர்கள் நம்மைவிடக் கெட்டி! 100, 10, 1 என மூன்று கட்டம் போட்டு, ஒரு நூறு ரூபாய்த் தாளையும் ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களையும் வையுங்கள். நடுக்கட்டம் காலி, அங்கே 0. கற்பவர்கள் எழுதும் தேர்வின் 150 மதிப்பெண்ணில் எண்ணறிவுக்கு 50 உண்டு. கடைசி அரை மணிக்குத் தள்ளாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர் "எழுத்து மறந்துபோச்சு" என்றால், புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிட்டால் அநேகமாக அது வெள்ளெழுத்து, அதாவது வயதால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது. கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.