சென்னை - சிங்கப்பூர் இரவு விமானம்: அம்மாவின் இன்சுலின் நேரம் பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 68 வயது அம்மாவை அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம்.

டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.00க்கு இறங்கும் என்று இருக்கிறது. "ஏழு மணி நேரம் உட்காரணுமா?" என்று பயந்துவிட்டார். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், பயணம் நாலேகால் மணி நேரம்தான். தாளில் இரண்டு கடிகாரம் வரைந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

என் கவலை வேறு. அம்மா காலை 7.30, இரவு 7.30 என்று தவறாமல் இன்சுலின் போடுபவர். அங்கே காலை 7.30 என்றால் இங்கே விடிகாலை 5 மணி. முந்தைய ஊசி போட்டு ஒன்பதரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். அவர் சொல்கிறபடிதான் செய்வோம். ஆனாலும் இப்படிப் பெற்றோரைக் கூட்டிப் போனவர்கள் என்னென்ன கேட்டுக்கொண்டீர்கள்?

இன்னொன்று. வீட்டில் இன்சுலின் பேனாவை (ஊசி போடும் கருவி) பிரிட்ஜ் கதவில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் நிறுத்தி வைப்பார். விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்துவிடலாம் என்பதால் கைப்பையில்தான் கொண்டுபோகிறோம். வீட்டிலிருந்து அக்கா வீடு வரை குளிர்ச்சியாக வைக்க எது கைகொடுத்தது? பாதுகாப்புச் சோதனையில் டாக்டர் கடிதம் கேட்டார்களா?

அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.