என். செனடா என்று ஒருவர் நிஜமாகவே இருந்தாரா?

நண்பர்களே, ஒரு உதவி. சான்பிரான்சிஸ்கோவின் 'தி ரெசிடென்ட்ஸ்' இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்பவர்கள் இங்கே யாராவது உண்டா? பெரிய கண்விழி முகமூடியும் உயரத் தொப்பியுமாக நிற்பார்களே, அவர்கள்தான். யாருடைய எதிர்பார்ப்பும் இல்லாதபோதுதான் சுத்தமான கலை பிறக்கும் என்று என். செனடா என்கிற பவேரியாக்கார (ஜெர்மனி) இசையமைப்பாளர் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அதனால் 1974இல் பதிவு செய்த 'நாட் அவைலபிள்' ஆல்பத்தை, தாங்களே அதை மறக்கும்வரை வெளியிடக்கூடாது என்று பூட்டிவைத்தார்களாம், கடைசியில் 1978இல் வந்தது. கதை பிரமாதம்தான், ஆனால் அந்த ஆளே கட்டுக்கதை என்று எனக்குப் படுகிறது. பழைய இசைத்தட்டு உறைகளோ பத்திரிகைப் பேட்டிகளோ வைத்திருப்பவர்கள், அவரைப் பற்றிய பகுதியை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்களேன். யூடியூப் இணைப்பு வேண்டாம், அதெல்லாம் பார்த்தாச்சு.