ரெவிட் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் முகடும் கூரை விளிம்பும் ஒரே மட்டத்தில் வர உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஈரடுக்குத் தரைவீடு ஒன்றின் கூரை இது. முன்கட்டு 6 மீட்டர் அகலம், 25 டிகிரி சரிவு. பின்கட்டு 4 மீட்டர். இரண்டுக்கும் கூரை நீட்டம் (சுவருக்கு வெளியே நீளும் பகுதி) 600 மி.மீ.

ஒரே சரிவு கொடுத்தால் பின்கட்டின் முகடு 466 மி.மீ. தாழ்ந்துவிடுகிறது. 35 டிகிரிக்கு ஏற்றினால் முகடு சேர்கிறது, ஆனால் விளிம்பு 140 மி.மீ. இறங்கி மழைநீர் வாய்க்கால் ஒரே கோட்டில் வராமல் முறிகிறது. விளிம்புகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் 'அலைன் ஈவ்ஸ்' கருவி நீட்டத்தை 400 ஆகக் குறைத்துச் சரிசெய்யும். நம்மூர்ச் சாரல் மழைக்கு அது போதாது. அதே கருவியில் நீட்டத்துக்குப் பதில் உயரத்தை மாற்றச் சொன்னால் முகடு 140 மேலே போகும்.

கணக்குப்படி, 32.85 டிகிரி சரிவும் 108 மி.மீ. 'பேஸ் ஆஃப்செட்'டும் (கூரையின் அடிமட்டத்தை உயர்த்தும் அளவு) கொடுத்தால் இரண்டும் பொருந்த வேண்டும். (கூரை அமைப்பில் சுவரின் வெளிமுகத்திலிருந்து அளக்கும் 'டிரஸ்' தேர்வில் மட்டும். 'ராஃப்டர்' என்றால் சுவரின் உள்முகத்திலிருந்து அளக்கும், கணக்கு மாறும்.) அடிப்பக்கம் பொருந்துகிறது. மேல்பக்கம் 17 மி.மீ. தூக்கலாக இருக்கிறது: 200 மி.மீ. கூரையின் செங்குத்துக் கனம் 25 டிகிரியில் 221, 32.85-இல் 238.

ஆஃப்செட்டை 91 ஆக்கினால் ஓட்டு மட்டம் சேரும், நீட்டத்தின் அடிப்பலகை விலகும். ஓடு, வாய்க்கால் வேலை தெரிந்தவர்கள் எந்த மட்டத்தைப் பிடிப்பீர்கள்? 'எக்ஸ்ட்ரூஷன்' முறையில், அதாவது கூரையைக் குறுக்குவெட்டாக வரைந்து நீட்டினால், இந்த 17-ஐத் தவிர்க்கலாமா?