கடைசி ஸ்டேஜில் சில நூறு மீட்டர்

1998 நவம்பரில் நான் சவுத் வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜூனியர் டாக்டர். ஊரிலிருந்து போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூட வேலை பார்த்த நர்ஸின் கணவருக்கு ரேலி கார் பந்தயம் என்றால் உயிர். நைட் டியூட்டி முடித்து வெளியே வந்தவனைத் தூங்கவிடாமல் காரில் ஏற்றி மார்கம் பார்க்குக்குக் கூட்டிப்போனார். போர்ட் டால்பட் இரும்பாலைக்குப் பக்கத்து மேட்டில் பழைய கோட்டையும் மான்களும் இருக்கிற பெரிய பூங்கா அது. உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று, அதிலும் கடைசி ஸ்டேஜ், அதாவது நேரம் கணக்கிட்டு ஓட்டும் கடைசிப் பகுதி, அங்கேதான்.

போகிற வழியில் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். ஃபின்லாந்துக்காரர் டோமி மாக்கினென் 58 புள்ளி. முதல் நாளே மில்பிரூக்கில், முன்னால் போன ஒரு பழைய கார் சிந்திய எண்ணெயில் வழுக்கி கான்கிரீட்டில் மோதி, பின் சக்கரம் போய், பந்தயத்தை விட்டே வெளியே வந்துவிட்டார். ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ் 56. நாலாவதாக வந்தால் மூன்று புள்ளி, ஆக 59. பட்டம் அவருக்கு. டொயோட்டா கொரோலாவில் அப்போது சரியாக நாலாம் இடத்தில்தான் வந்துகொண்டிருந்தார்.

ரேலியில் எல்லா காரும் ஒன்றாகப் புறப்படாது, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விடுவார்கள். அதனால் நிற்கிறவனுக்கு முதலில் சத்தம்தான் வரும். மரங்களுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்தே யார் கார் என்று என் நண்பர் சொல்லிவிடுவார். கொரோலாவின் சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. ஃபினிஷுக்குச் சில நூறு மீட்டர்தான் பாக்கி. பானெட்டுக்கு அடியிலிருந்து புகை. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு உடைந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் லூயிஸ் மோயா இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி காரின் பின் கண்ணாடியில் வீசினார். கண்ணாடி நொறுங்கியது. "ஸ்டார்ட் பண்ணிப் பார், கார்லோஸ்" என்று காருக்குள் அவர் கெஞ்சியதை அப்புறம் டிவியில் கேட்டேன். ஸ்பெயினில் இன்றுவரை மறக்காத வாசகமாம் அது.

அன்றைக்கு ஜெயித்தது மிட்சுபிஷியில் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ். சொந்த நாட்டுக்காரர். ஆனாலும் எங்களைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டவே மறந்து சைன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாக்கினென் ஹோட்டல் அறையில் இருந்தபடியே மூன்றாம் முறை சாம்பியன் ஆனார். நண்பர் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நவம்பரையும் நான் விட்டதில்லை.

*

டாக்டர் சார், நீங்கள் சொன்ன அதே பர்ன்ஸுக்காகத்தான் 2001இல் அதே கடைசிச் சுற்றைப் பார்க்க நான் போனேன். கார்டிஃபில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றுக்கு வரும்போது காலின் மெக்ரே 42, மாக்கினென் 41, பர்ன்ஸ் 40, சைன்ஸ் 33. நாலு பேருக்கும் வாய்ப்பு. இப்படி ஒரு வருஷம் அமைவது லேசில்லை. முதல் நாள் ரோண்டா காட்டில் மெக்ரேயின் ஃபோர்டு உருண்டது. மாக்கினெனும் அதற்கு முன்பே நின்றுவிட்டார். பர்ன்ஸ் அவசரப்படவே இல்லை. நீல நிற சுபாருவில் மூன்றாவதாக வந்து 44 புள்ளியில் முடித்தார். ஓட்டுநர் பட்டம் வென்ற முதல் இங்கிலாந்துக்காரர். கார்டிஃபில் கூட்டத்தில் நசுங்கி நின்று எட்டிப் பார்த்தேன். சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, பட்டத்துக்கு இன்னும் வாய்ப்போடு இதே கடைசிச் சுற்றுக்கு வருகிற வழியில் மயங்கினார். மூளையில் கட்டி. அந்த ரேலியில் அவர் இறங்கவே இல்லை. 2005 நவம்பர் 25இல் போய்விட்டார். அவர் சாம்பியன் ஆனதும் ஒரு நவம்பர் 25தான். வயது 34. அந்த தேதி வந்தால் கார்டிஃபில் எடுத்த மங்கலான போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

*

அக்கா, நான் ஜப்பான்ல, நகோயா பக்கம் வேலை பார்க்குறேன். 2024 கடைசிச் சுற்று எங்க வீட்டு வாசல்ல மாதிரி. டொயோட்டா ஸ்டேடியத்துலதான் சர்வீஸ் பார்க், அதாவது காரையெல்லாம் பழுது பார்க்குற இடம். மலை ரோடெல்லாம் ஒடுக்கமான தார் ரோடு, இலையுதிர்கால இலை விழுந்து வழுக்கும்.

ஹூண்டாய் ஓட்டுற தியெரி நியூவில் அதுக்கு முன்னாடி அஞ்சு தடவை ரெண்டாமிடம் வந்தவர். வெள்ளிக்கிழமை கார்ல பவர் போய் பதினஞ்சாவது இடத்துக்குப் போயிட்டார். பட்டத்துக்குப் போட்டி போட்ட ஒரே ஆள் அவரோட டீம்மேட் ஓட் டனாக்தான், அவர்தான் முன்னணியில இருந்தார். ஞாயித்துக்கிழமை முதல் ஸ்டேஜ்லயே டனாக் மோதிட்டார். நியூவில் சாம்பியன். நான் ரோட்டோரம் போன்ல அதைப் படிச்சிட்டு நிக்கிறேன், பக்கத்துல ஒரு ஜப்பான் பெரியவர் ஹூண்டாய் கொடியை மடிச்சு வெச்சிட்டு கண்ணைத் துடைக்கிறார். சந்தோஷமா வருத்தமான்னு கேக்க எனக்கு பாஷை பத்தலை. சாயங்காலம் கார் கம்பெனிகளுக்குத் தனியா கொடுக்குற பட்டத்தை மூணே புள்ளில, 561க்கு 558ன்னு, ஹூண்டாய்கிட்ட இருந்து டொயோட்டா எடுத்துடுச்சு. பெரியவரும் நானும் ஒரே பஸ்லதான் திரும்பினோம். எனக்கு ஒரு ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தார்.