போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஆறரை மணி!

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால், எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும்.

முதல் தடவை இங்கே வந்து மூன்று வாரம் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். புறப்பாடு மாலை 6.00, சேர்வது இரவு 7.30. "ஒன்றரை மணி நேரம்தானாடா? மன்னார்குடியிலேருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வரவே இரண்டரை மணி நேரம் ஆச்சே!"

அப்புறம் தான் வந்த டிக்கெட்டை எடுத்தார். இரவு 12.30க்கு ஏறி காலை 7.00க்கு இறங்கியிருக்கிறார். "வர்றப்ப மட்டும் ஆறரை மணியா? மேடு ஏறி வருதா பிளேனு?"

இரண்டு பக்கமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான், தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட, சிங்கப்பூர்க் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளரை நகர்த்தி நகர்த்தி விளக்கினேன். தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

இவ்வளவு பேசிய நான் செய்த கூத்தைக் கேளுங்கள். துணைக்கு நானும் போனேன். "பத்து மணிக்கு இறங்கிடுவோம்" என்று மாமா பையனிடம் சிங்கப்பூர் மணியைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவன் சொன்ன சொல் தவறாமல் ஊர் மணி பத்துக்கு வந்தான். அதுவரை திருச்சி விமான நிலைய வாசலில் மைலோ டின்களும் கோடாலித் தைலமும் நிறைந்த பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கொடுமை.

— தேக்கா வாசி

தேக்காத் தம்பி, நான் சிங்கப்பூர் வந்த காலத்தில் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல்தான் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். நான் 1979ல் நாகப்பட்டினத்தில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் ஏறினேன். பினாங்கு வழியாக இங்கே வந்து சேர ஒரு வாரத்துக்குக் கிட்ட ஆனது. வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கச் சொல்வார்கள், அதனால் இந்தக் குழப்பமே கிடையாது. வாந்திதான் குழப்பம். 1985ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்துபோனது.

— ஈசூன் தாத்தா

மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம், 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கும் அதிகம். மூன்று தடவை சாப்பிட்டு, நாலு படம் பார்த்து, நடைபாதையில் ஆறு தடவை நடந்தாலும் திரையில் இன்னும் ஏழு மணி நேரம் மிச்சம் காட்டும். கால் வீக்கம் இறங்க இரண்டு நாள் ஆனது. ஆனால் ஒரு வேடிக்கை. குளிர்காலத்தில் அங்கே 13 மணி நேரம் பின்னால். நள்ளிரவில் இங்கே ஏறினால் அங்கே விடியற்காலை ஆறு மணிக்குள் இறங்கிவிடலாம், அதே தேதியில்! கடிகாரப்படி பார்த்தால் ஆறு மணி நேரம்கூட இல்லை.

— பொத்தோங் பாசிர் அக்கா

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மன்னார்குடியைவிட அமெரிக்காதான் உனக்குக் கிட்டன்னு சொல்லு."

— தேக்கா வாசி