விரைவு சார்ஜர்கள் பெருகியும் வேகம் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி:
சென்ற வாரம் ஒரு நெடும்பயணத்தின் நடுவே, 350 கிலோவாட் என்று எழுதியிருந்த சார்ஜரில் என் மின்சார வண்டியை நிறுத்தினேன். 150 கிலோவாட் வரை ஏற்கும் என்று வண்டியின் கையேடு சொல்கிறது. திரையிலோ 40-ஐத் தாண்டவில்லை. அப்போது பேட்டரி 70 சதவீதத்தில் இருந்தது, குளிரும் கடுமையாக இருந்தது. அங்கிருந்த நான்கு சார்ஜர்களில் ஒன்று திரை அணைந்து கிடந்தது. இன்னொன்று என் அட்டையை ஏற்கவேயில்லை. பழுது வண்டியிலா, நிலையத்திலா?

பதில் 1:
வேகக் குறைவுக்குப் பழுது காரணமாக இருக்க வேண்டியதில்லை. 350 என்பது சார்ஜரின் உச்சவரம்பு மட்டுமே. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கேட்பது வண்டிதான். பேட்டரி நிறைய நிறைய, மின்னேற்றத்தைச் சுமக்கும் லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழைவது கடினமாகிறது. அப்போதும் மின்சாரத்தை வேகமாகச் செலுத்தினால், அவை உலோகமாக மேலே படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும் என்பதால் வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. குளிரிலும் இதே கதைதான். மேலும், 400 வோல்ட் வண்டிக்கு 500 ஆம்பியர் கிடைத்தாலும் 200 கிலோவாட்டுக்கு மேல் போகாது; 350-ஐ நெருங்குபவை பெரும்பாலும் 800 வோல்ட் வண்டிகளே.

பதில் 2:
முதல் பதிலை ஏற்கிறேன். ஆனால் செயலிழந்த அந்த இரண்டு சார்ஜர்களுக்கு வண்டி பொறுப்பாகாது. வரைபடத்தில் புள்ளிகள் கூடுவதை மட்டுமே வளர்ச்சி என்று கொண்டாடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் நிதியில் அமையும் சார்ஜர்கள் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று விதித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பதோடு நிற்காமல், புதிய விரைவு சார்ஜர்களில் வங்கி அட்டையாலேயே பணம் செலுத்த வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான்கு 150 கிலோவாட் சார்ஜர்கள் ஒருசேர முழுவீச்சில் இயங்க 600 கிலோவாட் தேவை. அதற்கான மின்மாற்றியும் இணைப்பும் கிடைப்பதற்குள், கட்டி முடித்த நிலையமே காத்துக் கிடக்கிறது. சில இடங்களில் பெரிய பேட்டரியை வைத்து, கூட்டமில்லாத நேரத்தில் மின்சாரத்தைச் சேமித்து இதைச் சமாளிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வழிகாட்டித் திரையில் நிலையத்தை இலக்காகக் குறித்தால், வண்டி போகும்போதே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் என்று கையேட்டில் இப்போதுதான் படித்தேன். நேற்று அப்படியே செய்து 15 சதவீதத்தில் போய் நின்றேன். 128 கிலோவாட் காட்டியது. அணைந்த திரை மட்டும் இன்னும் அணைந்தேதான் இருக்கிறது.